கால் திருகு

மைனஸ் இருபத்தாறு. யார்க்டனில் நவம்பர்.
வண்டிக் கதவின் பிடி
என் கையுறையைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது.

ஓரெஸ்ட் ஹ்ரின்கிவ் வாசலிலேயே சொல்லிவிட்டான்,
புகைக்குழாய் இந்தப் பக்கச் சுவர் வழியாகத்தான் போகவேண்டும் என்று.
இந்தப் பக்கம் என்றால் ஜன்னலுக்கு நேர் கீழே.
ஜன்னலுக்கு உள்ளே தொட்டில்.

அடுப்பு விட்ட மூச்சு
அதே வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது என்றேன்.
வீட்டின் முகம் கெட்டுவிடும் என்றான்.
கெடட்டும் என்றேன்.
டேப்பை இழுத்து ஆறடி தள்ளிக் கோடு கிழித்தேன்.
கையேடு கேட்பது இதைவிடக் குறைவுதான்.
கையேட்டுக்குக் குழந்தை கிடையாது.

ரம்பம் உள்ளே இறங்கியதும்
சுவர் கொட்டத் தொடங்கியது.
அந்தக் காலத்தில் கட்டியவர் குளிருக்குப் பயந்து
சுவர் நெடுக மரச்சீவலை அடைத்திருக்கிறார்.
லாரிசா வாளி கொண்டுவந்தாள். நிரம்பியது.
துணிக்கூடை கொண்டுவந்தாள். அதுவும்.
எங்கிருந்து வருகிறது இவ்வளவும் என்றாள்,
ஏதோ நான் மறைத்து வைத்திருந்ததுபோல.

சீவல் என்றால் தீக்குச்சியின் அண்ணன்.
துளையைச் சுற்றித் தகரத்தால் பெட்டி கட்டினேன்.
சுவர் வளையம் பொருத்தினேன்.
மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே
ஓர் அங்குலம் சும்மா கிடக்க வேண்டும்.
பஞ்சு திணிக்கக் கூடாது, ஆசைப்பட்டாலும்.
நான் விற்பதிலேயே விலை உயர்ந்தது அந்த வெறும் இடம்.
ரசீதில் அதற்கு வரி கிடையாது.

குழாய்க்குள் குழாய்.
உள்ளே இருப்பதில் சூடு வெளியேறும்,
வெளியே இருப்பதில் குளிர்காற்று உள்ளே வரும்.
நானும் என் முன்னாள் கணவனும்
ஒரே மாடிப்படியில் ஒரு குளிர்காலம் முழுக்க
ஏறி இறங்கினோமே, அப்படி.
தொடவில்லை. நின்றும் பேசவில்லை.

கோட்டோடு கோடு சேர்த்து, அழுத்தி,
வலப்பக்கம் கால் திருகு. டக்.
அந்த டக்கைக் காது கேட்பதற்கு முன்
மணிக்கட்டு கேட்டுவிடும்.
வெளியே போகப் போகக் குழாய் கொஞ்சம் மேலேற வேண்டும்,
மட்டப்பலகையின் குமிழ் சற்றே ஒருபக்கம் ஒதுங்கும் அளவுக்கு.
திருகாணி மேல்தோலோடு நிற்க வேண்டும்.
முனைக்கூடு, மார்ச் மாதப் பனிமேட்டுக்கும் மேலே.

பற்றவைத்தேன். நீலமாக நடுங்கி
மெல்ல மஞ்சளானது.
மோனாக்சைடு மானி பூஜ்யம் காட்டியது.
கசகசா ரொட்டி இரண்டு துண்டு தின்றேன்.
பலகை அடிப்பவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள் என்றான் ஓரெஸ்ட்.
பிறகு எல்லாம் சுவருக்குப் பின்னால்.

இரவு ஒன்றே முக்கால்.
படுக்கையில் எண்ணுகிறேன்.
இணைப்பு ஐந்து. டக் நான்கு.
ஐந்தாவதை அழுத்தும்போது போன் அடித்தது,
தங்கை, கார் பேட்டரி பற்றி.
அதற்குப் பிறகு என் கை என்ன செய்தது?
கையைக் கேட்டேன். கை தூங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் போனை எடுக்கவில்லை.

பன்னிரண்டு கிலோமீட்டர். சாலையில் நான் மட்டும்.
இரண்டு முறை தட்டியதும் கதவு திறந்தது.
மேலங்கியில் ஓரெஸ்ட்,
தோளில் விழித்த குழந்தை, பசியில் முறைக்கிறது.
போன் சமையலறையில் இருக்கிறது என்றான், மன்னிப்புபோல.
அணை என்றேன். அணைத்தான்.
ஏன் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததால்.
ஜன்னல்களைத் திறந்தேன்.
மானி அப்போதும் பூஜ்யம்தான்.
அது எனக்குப் போதவில்லை.

குழாய் ஆறும்வரை நாற்பது நிமிடம்.
மூன்று பேர், கம்பளி, மரச்சீவல் வாளி.
குழந்தை என் தலைமுடியிலிருந்து
ஒரு சீவலை எடுத்து ஆராய்ந்தது.

பிறகு இரண்டு கையாலும் பிடித்தேன்.
அசையாது என்றுதான் நினைத்தேன்.
நகர்ந்தது,
நகத்தின் அகலம்.

டக்.

என்ன அது என்றான் ஓரெஸ்ட்.
ஐந்து என்றேன்.