தலைகீழாய் மூன்று முறை

பனி விழத் தொடங்கியது மாலை ஆறு மணிக்கு.
மார்செலிக்குப் பனிக்குடம் உடைந்தது ஒன்பதரைக்கு.
இன்வர்னெஸ் ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதை ஒன்றுதான்,
அதையும் மூடிவிட்டார்கள்.
"டொலீனா, நீங்கதான் வரணும்" என்றான் உஷ்டன்.
எத்தனையோ ஆடுகளுக்குப் பேறு பார்த்தவன்.
போனில் அவன் பல் தந்தியடித்தது.

முன்னிருக்கையில் சிலிண்டரை வைத்து
சீட் பெல்ட் மாட்டினேன்.
என் கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன்.
ஹீட்டரை அதன் பக்கமே திருப்பிவிட்டதில்
ஏழாவது மைலில்
எனக்குக் கால்விரல்கள் இல்லாமல் போயின.

குளிர் தாங்காது அதற்கு.
உறைந்தால் உள்ளே இரண்டும் பிரிந்துவிடும்,
சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில்
மாடியிலும் கீழேயுமாக வாழும் தம்பதிபோல:
பிராணவாயு மேலே,
சிரிப்பு வாயு அடியில்.
முதலில் வருவது வெறும் மூச்சு, வலி அசையாது.
கடைசியில் வருவது வெறும் மயக்கம்,
அதில் மூச்சே இருக்காது.

கேட்டிலிருந்து வீடு வரை பனி இடுப்பளவு.
தீவனம் இழுக்கும் சறுக்குப் பலகையில்
சிலிண்டரைக் கிடத்தி உஷ்டன் இழுத்தான்.
நான் பின்னால் தள்ளினேன்.
யார் பார்த்திருந்தாலும்
பிணம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

குளியல் தொட்டியில் வெதுவெதுப்பாய் நீர் விட்டு
அதை முக்கிவைத்தேன்.
அன்றிரவு அந்த வீட்டில் முதல் குளியல் அதற்குத்தான்.
பிறகு தூக்கிக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன்,
கவிழ்த்தேன், நிமிர்த்தினேன்,
இன்னும் ஒருமுறை.
"இது என்ன சடங்கு?" என்றான் உஷ்டன்.
சேர்த்துவைக்கிறேன் என்றேன்.
அடுத்த அறையில் இன்னொன்றும்
அந்நேரம் தலைகீழாய்த்தான் இருந்தது.

"உச்சிக்கு வரட்டும்னு காத்திருக்காதே, மார்செலி.
அடிவாரத்தில் கால் வைக்கும்போதே இழு."
கடித்தாள். இழுத்தாள்.
வால்வு கடக், கடக் என்றது,
வீட்டுக்குள் வந்துவிட்ட ஏதோ பூச்சிபோல.
வளி உள்ளே போகப் போக
அவள் புருவம் இறங்கியது.
பிடித்துக்கொள்ள நீண்ட உஷ்டனின் கையைத் தட்டிவிட்டேன்.
அவளேதான் பிடிக்க வேண்டும்.
போதும் என்றால் விரல்கள் தாமே நழுவும்,
அந்த நழுவல்தான் காவல்.
பிரியமாய் அழுத்திப் பிடிக்கும் கை
அவளை மூழ்கடித்துவிடும்.

"வலி போச்சா?"
"இல்ல. இங்கேதான் இருக்கு.
ஆனா வேற யாருக்கோ வலிக்குது."
கொஞ்சம் யோசித்தாள். "பாவம் அவ."
பிறகு திரைச்சீலையைப் பார்த்துச் சிரித்தாள்.
"வரி கட்டியாச்சுன்னு
அந்த ஆட்டுக்கிட்ட சொல்லிடுங்க."
உஷ்டனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமலே.
அவள் விட்ட மூச்சு
எங்கள் தலைக்கும் ஏறியிருக்கலாம்.
ஜன்னலைத் திறந்தேன்.
பனி வந்து தரைவிரிப்பில் உட்கார்ந்தது.

நான்கு மணிக்கு முள் சிவப்பைத் தொட்டது.
கொண்டுவந்தது அந்த ஒன்றைத்தான்.
அளவுமானியைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தேன்.
இருபத்தாறு வருஷத்தில்
நான் ஒரு தாயிடம் மறைத்தது அது ஒன்றுதான்,
அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.
வால்வின் சத்தம் நின்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
திட்டவில்லை. குழாயைக் கீழே வைக்கவும் இல்லை.
காலி என்று தெரிந்தே
அதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அந்த இன்னொருத்தி
எங்கே போயிருந்தாளோ, திரும்பி வந்துவிட்டாள்.
வந்ததும் கத்தினாள்.
பக்கத்துக் கொட்டிலில் ஆடுகள் எழுந்து நின்றன.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில்
பெண் குழந்தை.
முதல் மூச்சை அது இழுத்த விதத்தில்
யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரியே இல்லை.

பாதை திறந்தபின் திரும்பினேன்.
பழக்கதோஷம், காலி சிலிண்டருக்கும் பெல்ட் போட்டேன்.
வாய்க்குழாயில் எட்டுப் பல் தடம்.
இனி அதற்குக் குளிரென்ன, வெயிலென்ன.
ஹீட்டரை என் காலுக்குத் திருப்பினேன்.
ஏழாவது மைல் தாண்டியதும்
விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
நன்றாகவே வலித்தன.