மேசைக்கு அடியில்

வலி வந்த பிறகுதான் பார்த்தேன்
எங்கள் சமையலறை மேசையின் அடிப்பக்கத்தை.
முப்பத்தோரு வருடம் அதன் மேல் சாப்பிட்டவன்
கீழே குடிவந்தது இப்போதுதான்.

தரையில் மல்லாந்து,
கால்கள் இரண்டும் நாற்காலிமேல்.
நெலிதா என்னைத் தாண்டித் தாண்டிப் போய்
மாத்தே இலைக்கு வெந்நீர் வைக்கிறாள்.
"ஓரமாய்ப் படுக்கக் கூடாதா, எபெர்?"
ஓரத்தில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.

ஒன்றும் பெரிதாய் நடக்கவில்லை.
உருண்டுபோன தெர்மாஸ் மூடிக்குக் குனிந்தேன்.
நிர்வாகத்தின் முன் ஒருநாளும் குனியாத
சங்கத்துக்காரன் நான்.
ஒரு மூடிக்கு.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர்.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதற்கும் நடுவே
வட்டு ஒன்று பிதுங்கி நிற்கிறது,
நெரிசல் பேருந்தில் கதவு மூடாமல்
வெளியே துருத்தும் தோள் மாதிரி.
அது இடிப்பது இடுப்பு நரம்பில்,
அலறுவது கால் பெருவிரல்.
"அறுக்க வேண்டாம், பழகிக்கொள்ளுங்கள்" என்றார்,
புதிதாய் மாற்றலாகி வந்த மேலாளரைப் பற்றிச்
சொல்வதுபோல.

பழகுகிறேன்.
தும்மல் வந்தால் முதலில் சுவரைத் தேடுகிறேன்.
கட்டிலை விட்டு எழுவது
நீண்ட வண்டியைக் குறுகிய தெருவில் திருப்பும் வேலை:
முழங்கால், தோள், முழங்கை,
பிறகு கொஞ்சம் கெட்ட வார்த்தை.
நடக்கச் சொன்னார்கள். ஆற்றங்கரைச் சாலையில்
முதல் வாரம் மூன்றாவது விளக்குக் கம்பம்வரை.
இப்போது தூண்டில்காரர்கள்வரை.
அவர்களில் ஒருவர் மடக்கு நாற்காலியை நகர்த்தி
உட்காரச் சொல்கிறார்.
மொந்தெவிதேயோவில் பேருந்து ஓட்டுகிறவனுக்கு
உட்காருவதுதான் நோய் என்று
எப்படிச் சொல்ல?
நின்றபடியே அவர் வாளியைப் பார்க்கிறேன்.
ஒரு மீனும் இல்லை.

திங்கட்கிழமை மறுபடி வேலை, பாதி நேரம்.
ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும்
இறங்கி நிற்க அனுமதி.
ஒச்சோ தே ஒக்துப்ரே சாலையின் பள்ளங்களை
இனி கண்ணால் எண்ண வேண்டியதில்லை.

மேசையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அடிப்பலகையில், பென்சிலில், கோணல் எழுத்தில்:
"டிக்கெட் இல்லாதவர் ஏறக்கூடாது."
யமிலாவுக்கு அப்போது ஏழு வயதிருக்கும்.
அவள் இதற்குள் ஓட்டிய வண்டியில்
நான் ஒருமுறைகூட ஏறவில்லை.
இரட்டை ஷிப்ட்.

ஞாயிறு போனில் கேட்டாள்:
"முதுகு எப்படிப்பா?"
"டிக்கெட் எவ்வளவு?" என்றேன்.
வலி மாத்திரையின் மயக்கம் என்று நினைத்து
அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.
நெலிதா என்னைத் தாண்டி வந்து
போனை வாங்கிக்கொண்டாள்.