நிறை

யூலை பதினேழு. எழுதும், யசோதினி.
காற்று: கச்சான்.
மூன்று மணிக்குப் போட்டைத் தள்ளும்போது
நெருப்புக்குச்சிச் சுடரைக்கூட அசைக்கவில்லை.
பிறகு காட்டுப் பக்கமிருந்து கிளம்பி
பாலைமரச் சருகும் எரிந்த பற்றையும் மணக்க மணக்க
முதுகில் கைவைத்துத் தள்ளிற்று.
தண்ணீர்: தெளிவு.
நீரோட்டம்: தெற்கே, நேற்றையதைவிடக் கெட்டி.
வலைக்காரர் வெறும் வலை சுமந்து வந்ததை
நீர் நேற்றே எழுதிவிட்டீர்.

ஆட்கள் மூன்று.
நான், மச்சான் பற்றிமாகரன்,
ஒஸ்லோவிலிருந்து வந்த பல்வைத்தியர் மிதுரன்.
கம்பும் றீலும் பெட்டி நிறையப் போலி மீனும் கொண்டுவந்தவர்
ஏறி இருந்ததும் கேட்டார்:
"முல்லைத்தீவில தீவு எந்தப் பக்கம்?"
பற்றிமாகரன் எஞ்சின் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான்.
மாரி பெருத்து முகத்துவாரம் வெட்டினால்
நாலு நாளைக்குத் தீவு மாதிரி இருக்கும், ஐயா.
கோடையில் தீவு வேண்டுமென்றால்
நீங்கள் ஏறியிருக்கிற இதுதான்.
இருபத்துமூன்று அடி. குடிசனம் மூன்று.

தொலைபேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கு
கடைசியாக அமிழ்ந்தது.
ஆழம் காட்டுகிற மிசின்
இலக்கம் சொல்லி அலுத்து மூன்று கோடு போட்டது.
முதல் சீலா
ஊதாப் போலி மீனைப் பாதியாய் நறுக்கிக்கொண்டு போனது.
எங்களுடைய இரண்டு நாள் மண்ணெண்ணெய்க் காசு அது.
பிறகு சூரை இரண்டு, ஒரு கட்டாப் பாரை.
மூன்றையும் அவர் படம் எடுத்துத் திருப்பி விட்டார்.
விட்டதைப் பற்றிமாகரன்
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒன்பதரைக்கு றீல் அலறியது.

யசோதினி, மயில்மீன் நாங்கள் காணாததோ?
இருட்டில், வலையில், விறைத்து,
சவர்க்காரம் போட்டுத் தோய்த்த கறுப்புத் துணிபோல
தோகை மடிந்து கிடக்கத்தான் கண்டிருக்கிறோம்.
உயிரோடு அதற்கு இப்படி ஒரு நீலம் இருக்கென்று
முப்பது வருடம் கடலுக்குப் போன எனக்கு
ஒருவரும் சொல்லவில்லை.
வாலில் எழும்பி நின்றது.
தோகை விரிந்தபோது அதன் புள்ளிகளுக்குள்ளால்
வெயில் போய் வந்தது.
நான் சுக்கானை மறந்துபோனேன்,
போட் தன்பாட்டில் ஒரு வட்டம் அடித்தது.

ஐம்பது நிமிடம்.
பக்கத்தில் கொண்டுவந்தபோது
கொளுக்கித் தடி பற்றிமாகரன் கையில் தயார்.
"முப்பது கிலோவுக்குக் குறையாது," என்றேன்,
ஏலத்தில் போகும் விலையையும் சொன்னேன்.
"அந்தக் காசை நான் தாறன், விடுவம்."
அதற்குப் பிறகு கதைக்க ஒன்றுமில்லை.
இருந்தும் ஒருவரும் அசையவில்லை.

வாய்க்குள் கைவைப்பது அவருடைய தொழில்தானே.
சொத்தைப் பல் கழற்றுகிற பொறுமையோடு
தூண்டிலைக் கழற்றினார்.
மீன் நீந்தவில்லை.
சாய்ந்தது. நிறம் போகத் தொடங்கியது,
நாங்கள் அறிந்த அந்தக் கறுப்பு
வாலிலிருந்து ஏறி வந்தது.

தடி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன்.
பற்றிமாகரன் இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டு
அலகை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.
"மெல்ல ஓட்டு! தண்ணி செவுளுக்குள்ளால போகோணும்!"
யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது?
நான் மெல்ல ஓட்டினேன்.
எவ்வளவு நேரமென்று தெரியாது,
வைத்தியர் மணிக்கூடு பார்க்கவில்லை.
பிறகு ஒரு உதறல்.
அவன் முகமெல்லாம் தண்ணீர்.
வெறுங்கையை எடுக்காமல்
கீழே பார்த்தபடியே கிடந்தான்.

பதினொன்றுக்குக் கச்சான் முறுகிவிட்டது.
அலையை எதிர்த்துக் கரைக்கு வர மூன்று மணித்தியாலம்.

இனம்: மயில்மீன். எண்ணிக்கை: ஒன்று.
நிறைக் கட்டத்தில் பூச்சியம் போடாதையும்.
கோடும் கீறாதையும்.
ஆளைக் கூப்பிட்டு அளவு கேட்டால்
இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டுவான்.
கடலுக்குப் போகிறவன் எல்லாரும்
இப்படித்தான் விரிப்பான் என்று நீர் சிரிப்பீர்.
அளவை நம்பவேண்டாம்.
விரித்த உள்ளங்கையைப் பாரும்:
அலகு அரம்போல உராய்ந்து
இரண்டிலும் தோல் இல்லை.

மண்ணெண்ணெய் நாற்பத்தொரு லீற்றர்.
அதை மற்றப் பக்கத்தில் எழுதும்.