எண்ணூறு கிலோ அல்லது பத்துப் பேர்

பதினேழு வருடம்
லிஃப்டுகளுக்குள் நின்றிருக்கிறேன்,
எங்கேயும் போவதற்கு அல்ல.
கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது,
கதவு எத்தனை நொடியில் மனம் மாறுகிறது,
கூண்டுக்கும் தளத்துக்கும் நடுவே
ஒரு குழந்தையின் செருப்பு நுழையுமா,
பார்ப்பேன், எழுதுவேன், முத்திரை குத்துவேன்.
என் கையெழுத்து இல்லாமல்
என் வட்டாரத்தில் ஒருவரும்
சட்டப்படி ஐந்தாம் மாடிக்கு மிதந்து போக முடியாது.

ஊர் வூச்.
எங்கள் மொழியில் படகு என்று அர்த்தம்.
ஆறுகளைக் குழாய்க்குள் அடைத்து
மேலே டிராம் விட்டுவிட்டார்கள்.
படகில் இருக்கிறோம் என்பதை
யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வேலையை விட்ட அன்று
முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
பெருவிரலில் ஊதா மை
மூன்று நாள் போகவில்லை.
'நாற்பத்தாறு வயதில் கோடிங்கா?' என்றான்
பக்கத்து மேசை விட்டோல்டு.
நாற்பத்தேழு என்று திருத்தினேன்.

சமையலறை மேசையில் கற்றேன்,
ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் பீட்ரூட் சூப்,
இரண்டிலும் கறை.
லிஃப்டுகளின் சோதனைத் தேதிகளை
மறக்காமல் வைத்திருக்கும் ஒரு நிரல்,
அவ்வளவுதான் கனவு.
என் முதல் வெளியீடு
எட்டுக் கட்டடங்களுக்கு ஒழுங்காக நினைவூட்டியது,
பிப்ரவரி முப்பதாம் தேதியை.

மன்னிப்புக் கடிதத்தில்தான்
அந்தச் சொல் முதலில் வந்தது.
நாங்கள் வருந்துகிறோம்.
நாங்கள் சரிசெய்துகொண்டிருக்கிறோம்.
கேட்பவரை வெளியே நிறுத்திக் கதவு சாத்தும்
நாங்கள்.
உள்ளேயும் கூட்டம் இல்லை.

விற்பனைப் பிரிவு: நான்,
காலையில், தொலைபேசிக்கே உதட்டுச் சாயம் பூசி.
கணக்குப் பிரிவு: நான், ஞாயிறு இரவு, போர்வைக்குள்.
தொழில்நுட்பப் பிரிவு: நான்,
அச்சில் ஏற்ற முடியாத சொற்களோடு.
ஆதரவுப் பிரிவுக்கு மட்டும் பெயர் வைத்தேன்,
கிளெமென்டினா.
என்னைவிடப் பொறுமைசாலி அவள்.
ஒரே கேள்வியை ஆறாம் முறை கேட்டாலும்
'அருமையான கேள்வி' என்று தொடங்குவாள்.
அவளுக்கு வரும் நன்றிகளைப் படிக்கையில்
கொஞ்சம் எரியும்.

வாடிக்கையாளர்கள் நான்கு பேர்.
அதில் ஒருவர் என் மைத்துனர்,
பாதி விலை.
சேமிப்பு மாதம் ஒரு மாடி இறங்குகிறது.
மார்ச் மாதம் தரைத்தளம்.
அதற்குக் கீழே என்ன இருக்கும்
என்று எனக்குத் தெரியும்:
தண்ணீர் கசியும் குழி,
ஒரு சுருள்வில்,
யாரோ தவறவிட்ட சாவிகள்.

நவம்பரில் ஸ்கேஷ் நகரிலிருந்து
குடியிருப்புச் சங்க மேலாளர் பக்கூவா எழுதினார்:

'உங்கள் படிவத்தில் பதினோராம் கேள்வி.
கதவு மூடும் முன் தயங்குகிறதா?
எங்கள் மெக்கானிக்குகள் சிரித்தார்கள்.
கதவுக்கு என்ன தயக்கம், அது என்ன மணப்பெண்ணா?
சிரித்துக்கொண்டே போய் நின்று பார்த்தார்கள்.
மூன்றாம் லிஃப்டில் தயங்கியது.
பிரித்தோம். உருளை விண்டிருந்தது.
உங்கள் குழுவில் யாரோ ஒருவர்
நிஜமாகவே லிஃப்டுக்குள் நின்றிருக்கிறார்.
அவரை எங்கும் போகவிடாதீர்கள்.'

'அது நான்' என்று தட்டினேன்.
திரையில் அந்த இரண்டு சொற்கள்
குளித்துவிட்டுத் துண்டு தேடுவது போல நின்றன.
அழித்தேன்.
கிளெமென்டினா எழுதினாள்:
மிக்க நன்றி, அவரிடம் சொல்லிவிடுகிறோம்.

சொல்லவில்லை அவள் வெகுநேரம்.

பதினொன்றரைக்குக் குப்பைப் பையோடு
எங்கள் கட்டட லிஃப்டில் ஏறினேன்.
எண்ணூறு கிலோ அல்லது பத்துப் பேர்
என்கிறது தகடு.
அறுபத்தெட்டுக் கிலோவும் உருளைக்கிழங்குத் தோலுமாக
நட்டநடுவில் நின்றேன்.
பொத்தானை அழுத்தினேன்.
கதவு பாதி வந்து நின்றது,
இன்னும் யாரோ வரவேண்டும் என்பதுபோல.

ஒன்று.
ஒன்றரை.

பையைக் கீழே வைத்துவிட்டு
பேனா தேடினேன்.