பதினெட்டு

அட்டையில் எழுதியிருந்தது இருபத்தைந்து.
விற்பவர் வாயில் ஓடும் மைல்கள்
தார்ச்சாலையில் ஓடுவதில்லை.

இரண்டாயிரமாம் வருடத்து மெர்குரி.
வெளிர்பொன் நிறம், வி-எட்டு எஞ்சின்,
ஒரு தெருவையே அடைக்கும் நீளம்.
ஓஹையோவின் உப்புத் தூவிய பனிக்காலங்கள்
அடிவயிற்றில் துருவாகக் கையெழுத்துப் போட்டிருந்தன.
"ஹைவேயில் இருபத்தைந்து கொடுக்கும், வாண்டா"
என்றார் வெர்லின் ஹால்டிமன்.
கொடுக்கும்தான்.
இறக்கத்தில், பின்காற்றில்,
ஏசி போடாமல், யாரும் ஏறாமல்.

எனக்கு ஆள் ஏற வேண்டும்.
ரப்பர் ஃபேக்டரி மூடிய பிறகு
இந்தப் பக்கத்து ஆமிஷ் வீடுகளுக்கு நான்தான் சக்கரம்.
அவர்கள் கார் வாங்குவதில்லை, ஓட்டுவதில்லை,
ஏறி உட்காரலாம்; அதற்குத் தடையில்லை.
மைலுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வேன்.
முன்னாலும் பெஞ்சு சீட் வைத்த கார்
இப்போது யார் செய்கிறார்கள்?
முன்னே மூன்று, பின்னே மூன்று,
மடியில் தொப்பிகள்.

அட்லி ஹெர்ஷ்பெர்கரைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன்.
அவன் குதிரை பார்ப்பவன்.
இரண்டு விளக்குகளுக்கும் நடுவே உள்ளங்கை வைத்தான்,
மூச்சு விடும் எஞ்சினைத் தலை சாய்த்துக் கேட்டான்,
பின்னால் போய்க் குனிந்து புகையை முகர்ந்தான்.
"எவ்வளவு தின்னும்?"
அதுதான் கேள்வி.
வெர்லின் டயர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தானத்துக்கு வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது காசுக்கு வரும் மாடு.
சரளையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன்.
ஃபிரேமைச் சுத்தியலால் தட்டினால் கெட்டிச் சத்தம்.
பிரேக் குழாயில் மட்டும் சொறி.
எஞ்சின் தலையில் அந்த பிளாஸ்டிக் மேனிஃபோல்டு,
முன்பக்கம் விரிசல் விடும் இடம்,
காய்ந்த பச்சைக் கறை, ஒரு விரல் அகலம்.
விரலை அவரிடம் காட்டினேன்.
இரண்டாயிரத்து எண்ணூறு
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ஆனது.

முதல் வாரம் நோட்டுப் போட்டேன்.
பம்பு கிளிக் என்று நிற்கும் வரை நிரப்பு.
ஓட்டு. மறுபடி நிரப்பு. வகு.
பதினேழு புள்ளி எட்டு.
பதினெட்டு புள்ளி ஒன்று.
மில்லர்ஸ்பர்க் மேடுகளில், முன்னால் ஒரு பக்கி வண்டி
ஊர்ந்துகொண்டிருந்த நாளில், பதினைந்து.
அண்டை வீட்டு டெரி சிரித்தான்:
"யானையைக் கட்டித் தீனி போடுகிறாய்."
அவனுடைய சின்னக் கார் முப்பத்தெட்டு கொடுக்கும்.
அதில் அவன் மட்டும் போவான்.

கொலம்பஸ் ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு மைல்.
ஐந்து கேலன்.
அட்லி, லொவீனா, அவர்கள் பையன் ரூபன்,
தம்பி எர்வின், அவன் மனைவி எட்னா.
ஆளுக்கு ஒரு கேலன்.
டெரியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்,
இந்த யானை அம்பாரியோடு போனால் மலிவு.
ரூபன் நடுவில் உட்கார்ந்து
முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தான்.
"குறைகிறது" என்றான், டிலாவேர் தாண்டியதும்.
ஆறு வயது. முழங்காலைவிடத் தொடை மெலிவு.

திரும்பும்போது மூன்று பேர்.
லொவீனா அவனோடு அங்கேயே இருந்துவிட்டாள்,
எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.
அட்லி முன் சீட்டின் ஓரத்தில்,
நடுவில் இடம் விட்டு.
ஸ்பிரிங்குகள் கொஞ்சம் எழும்பியிருந்தன.
மேடுகளில் கியர் இறங்கத் தேவையிருக்கவில்லை.

மவுண்ட் ஹோப் பம்பில் நிரப்பினேன்,
கிளிக் வரைக்கும். பழக்கம்.
வகுத்துப் பார்த்தேன்.
இருபது புள்ளி நான்கு.
இதுவரை வந்ததிலேயே அதிகம்.

நோட்டில் எழுதவில்லை.

மறுநாள் அந்த மேனிஃபோல்டுக்கு விலை கேட்டேன்.
வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும்,
எத்தனை பேர் என்று அட்லி இன்னும் சொல்லவில்லை.