மூன்றாவது இழுப்பறை

வால்டிவியாவில் ஒன்பது நாளாக மழை.
நீதிமன்ற வாசலில் குடைகள் இரண்டு கட்சி.
இந்தப் பக்கம் வெள்ளை அங்கிகள்:
‘பிழை குற்றமாகாது.’
அந்தப் பக்கம் நெல்டாவின் படத்தை
பாலித்தீன் உறைக்குள் பிடித்தபடி அவள் அண்ணன்.
கோஷம் போடவில்லை அவன்.
படத்தில் நீர் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எந்தக் குடையிலும் இல்லை.
மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன்.
பொட்டாசியத்துக்கு அந்த மாதம் வேறு கம்பெனி;
மூடி நீலம்.
சலைன் புட்டிக்கும் நீலம்.
மூன்றாவது இழுப்பறையில் இடம் இருந்தது, வைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.

யாஸ்னா பர்ரியெந்தோஸ் மட்டும் கூண்டில்.
பதினாலாவது மணி நேரம், பதினேழு கட்டில்,
எல்லாம் வக்கீல் சொன்னார்.
அவள் சொன்னது இவ்வளவுதான்:
‘படித்துப் பார்த்தேன். படித்ததாகத்தான் நினைத்தேன்.’

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்.

வார்டில் ஒரு நோட்டு உண்டு.
கை தவறியதை, நேரம் தவறியதை
அவரவர் எழுதிவைப்பார்கள்; கையெழுத்து வேண்டாம்.
மார்ச்சில் பதினொன்று.
வழக்குப் பதிவான பின்
ஏப்ரலில் ஒன்று, மே மாதம் பூஜ்யம்,
ஜூனில் யாரோ பேனாவைச் சோதித்த கிறுக்கல்.
மேலதிகாரி பாராட்டிக் கடிதம் அனுப்பினார்.

தீர்ப்பு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.
அண்ணன்காரன் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பஸ்ஸுக்கு நின்றான். பக்கத்தில் நான்.
‘ஆஸ்பத்திரியா?’ என்றான், என் அட்டையைப் பார்த்து.
‘கிடங்கு’ என்றேன்.
தலையாட்டினான். கொஞ்சம் நகர்ந்து
தன் குடையில் பாதி தந்தான்.