பெருவிரல்

கண்ணாடித் தகட்டில் விரலை வைக்கச் சொன்னாள்.
வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
ஈரத்தாள் கொடுத்தாள், துடைத்துவிட்டு வைத்தேன்.
சிவப்பு.
அழுத்துங்கள் ஆன்ட்டி என்றாள்.
அறுபத்தெட்டு கிலோவையும் சேர்த்து அழுத்தினேன்.
சிவப்பு.

பினாங்குப் பதிவிலாகா, மூன்றாம் முகப்பு.
நான்தான் நான் என்று
என் கையே சாட்சி சொல்ல மறுக்கிறது.

நூர் ஐனி என்று பெயர்ப்பட்டை.
இருபத்தாறு வயதிருக்கும்.
"ரேகையே இல்லையே, என்ன வேலை செய்தீர்கள்?"
என்ன வேலை, என்று
ஒருமையில் கேட்டாள் குழந்தை.

எழுபத்து மூன்றில் பாயான் லெப்பாஸ்.
தொழிற்சாலைச் சுவரில் சாயம்கூடக் காயவில்லை.
நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்து
முடியினும் மெல்லிய தங்கக் கம்பியைக்
கடுகினும் சிறிய சில்லில் ஒட்டினேன்
நாளைக்கு எண்ணூறு.
காதில் போட்டிருந்தது பித்தளை.
ஞானசௌந்தரி அட்டையில் அடங்காததால்
சௌன் ஆனேன்.
அசிட்டோன் தின்றது கொஞ்சம் தோல்.
பன்னிரண்டு வருடம் கழித்து
ஒரு கடிதமும் சுவர்க் கடிகாரமும் தந்து அனுப்பினார்கள்.
கடிகாரம் இன்னும் ஓடுகிறது.
கம்பெனி ஓடிவிட்டது.

லைட் ஸ்திரீட்டில் வழக்கறிஞரிடம் தட்டச்சு.
ஊரார் விவாகரத்துகளை
மும்மூன்று பிரதியாக அடித்து அடித்து
ஒரு வெள்ளிக்கிழமை
என்னுடையதையும் இடையில் செருகினேன்.
அவர் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
கட்டணம் வாங்கவில்லை.

அப்புறம் அக்கரையில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலை.
விடியுமுன் முதல் பெர்ரி,
மடியில் சம்பல் வாளி,
கொதிக்கும் சட்டியைத் துணியில்லாமல் இறக்கும் திமிர்.
மீ கோரெங் ஐம்பது காசு.
காசில்லாத பிள்ளைக்கு
நாளைக்கு என்பது ஒரு கணக்கு.

நடுவே நான்கு வருடம் உண்டு.
அதை நூர் ஐனியிடம் சொல்லவில்லை.
கழுத்தில் ஸ்கார்ப், கையில் தோல்பை,
பணம் இரட்டிப்பாகும் என்று பேசத் தெரிந்த வாய்.
புஷ்பலீலாவின் பதினோராயிரம் வெள்ளிக்கு
பாரம் நிரப்பியது நான்.
அவளுக்கு எழுதத் தெரியாது.
அவள் பெருவிரலைப் பிடித்து
மையில் ஒற்றித் தாளில் பதித்தது
இந்த விரல்.
மாடிக் கதவில் ஒருநாள் பூட்டு.
ஆயர் ஈத்தாம் சந்தையில் என்னைக் கண்டால்
இன்றைக்கும் அவள்
மீனைப் பார்த்துக்கொள்வாள்.

ஐம்பத்திரண்டில்
எல் அட்டை மாட்டிய குட்டிக் காரில் ஏறினேன்.
சௌன், அக்கா, மேடம் எல்லாம் போய்
சிக்கு ஆனேன்.
என் தொண்டைக்குப் பயந்து
கிளட்ச் விடக் கற்றவர்கள் முந்நூறு பேர்.
பாலத்தில் எவனாவது சிக்னல் போடாமல் வெட்டினால்
அவன் என் ஆள் இல்லை.

"இடது விரலைப் பார்ப்போமா?"
வைத்தேன்.
பச்சை.
எல்லாவற்றையும் சும்மா
பிடித்துக்கொண்டு மட்டும் இருந்த கை.

தொழில் என்ற கட்டத்தில்
பெசாரா என்று தட்டிவிட்டாள்,
எழுபது வயதுக்கு அதுதானே வழக்கம்.
எதிலிருந்து ஓய்வு, என்று கேட்டேன்.
விழித்தாள்.

போன வருடம் ஒரு பையன் வந்தான்.
காது கேட்காது, பேச்சில்லை,
கார் ஓட்ட ஆசை.
எப்படிக் கத்துவேன் என்று திருப்பி அனுப்பினேன்.
கேட்டில் நின்று
தலையாட்டிவிட்டுப் போனான்.
இப்போது திங்கள்தோறும்
பூலாவ் தீக்குஸில் சைகைமொழி வகுப்பு.
கடைசி வரிசையில் நான்.
தெரிந்தது மூன்றுதான்:
நில். திரும்பு. பயப்படாதே.
மூன்றாவதற்கு என் விரல்
இன்னும் சரியாக மடங்கவில்லை.

அழித்துவிடு அம்மா, என்றேன்.
"அப்படியானால் என்ன போட?"

பின்னால் வரிசை இருமியது.